வாவியைச் சுற்றி ஒரு பகல்: சைக்கிள் கூட்டத்துக்கு வீட்டுக் குறிப்புகள்

மட்டக்களப்பில் ஏற்றம் என்று சொல்வதற்குப் பாலங்களை விட்டால் வேறொன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், அதற்கப்பால் வாவி, அதற்கும் அப்பால் தென்னை. இந்தத் தட்டை நிலத்தில் சைக்கிள் ஓடுவது சுகம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடிப் பார்க்கவேண்டும். கனடாவில் சஸ்கச்சுவான் புல்வெளிப் பக்கம் இருக்கும் என் மச்சானும் ரெலிபோனில் இதையேதான் சொல்கிறார். "மலை ஏறினா ஒருக்கா இறங்கலாம் மச்சான், காத்துக்கு இறக்கமே இல்ல."

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருடத்துக்கு ஒருமுறை வாவியைச் சுற்றி வருகிறோம். விடியமுன் நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை வழியாகக் களுவாஞ்சிகுடி. அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து பழுகாமம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு. கடைசியில் வலையிறவுப் பாலத்தால் மறுபடி நகரம். சூரியன் எழும் கிழக்குக் கரையான எழுவான்கரையில் போய், அது படும் மேற்குக் கரையான படுவான்கரையால் திரும்புவது. எப்படியும் 70 கிலோமீற்றர். கோயில், குளம் என்று உள்ளே திரும்பினால் 80 ஆகும். இதற்கென்று விலை கூடிய சாமான் எதுவும் நாங்கள் வாங்கியதில்லை. கரியரில் பெட்டி கட்டி நாற்பது வருடம் மீன் விற்றவர்களிடமும், அறுவடைக்காலத்தில் ஊர்விட்டு ஊர் சைக்கிளில் போன வெட்டுக்காரரிடமும் கேட்டுத் தெரிந்ததும், பட்டுத் தெரிந்ததும்தான் கீழே வருபவை.

1. நாளைக் குறிக்கும் முன் காற்றைக் குறியுங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் சூடாக வருகிறது. காலையில் ஒன்றும் தெரியாது. வெயில் ஏற ஏறத்தான் அதுவும் ஏறும். ஆகவே கச்சான் காலத்தில் நகரிலிருந்து கிளம்புங்கள். காற்று எழும்பமுன் தெற்கே போய்விடலாம். பின்னேரம் வடக்கே திரும்பும்போது அது முதுகில் தள்ளும். வாடைக்காலத்தில் கணக்கு தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் களுவாஞ்சிகுடியில் கூடி, வடக்கே தொடங்கி, தெற்கே முடியுங்கள். எந்தக் கரையால் போவது என்பதைவிட எந்த முனையில் தொடங்குவது என்பதுதான் இங்கே முக்கியம்.

2. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்த யோசனையே வேண்டாம். படுவான்கரை வீதிகளுக்கு மேலால் வெள்ளம் பாயும். கார்த்திகை என்றாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை வைத்து வயது சொல்கிறவர்கள் அவர்கள். எங்களுக்குப் பிடித்தது மாசி, பங்குனி. மழை விட்டிருக்கும், கச்சான் வந்திராது, வயலும் பார்க்க வடிவாக இருக்கும்.

3. ரயரை முதல்நாள் இரவு பாருங்கள், காலையில் பார்க்காதீர்கள். காற்று நிரப்பி வைத்துவிட்டுப் படுத்தால், மெல்ல இறங்கும் ரியூப் விடியும்போது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். வால்கட்டையில் சொட்டு எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் காற்று அதனால்தான் போகிறது.

4. செயினுக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் எல்லோரும் பூசுகிறோம். சில நாளில் பிசினாகிவிடும். அதன்மேல் கடற்கரை மணல் ஒட்டினால் செயின் அரத்தைப்போல் பல்லைத் தின்னும். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விடுங்கள். பெடலைப் பின்னுக்குப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

5. சீற்றின் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து, குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சீற்றைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓடுகிறார்கள். கடைக்குப் போகலாம். 70 கிலோமீற்றருக்கு முழங்கால் பதில் சொல்லும்.

6. ஒட்டுப் பெட்டி ஒன்று கூட்டத்துக்கே போதும் என்று நினைக்காதீர்கள். முன்னால் போகிறவரிடம் ஒன்று, ஆகக் கடைசியில் வருகிறவரிடம் ஒன்று. பழைய சவர்க்காரப் பெட்டிக்குள் இவை அடங்கும்: பழைய ரியூபில் வட்டமாக வெட்டிய நாலைந்து துண்டு, சொலூசன், ஒரு நெருப்புப் பெட்டி, பேனை, பிடி மழுங்கிய இரண்டு எவர்சில்வர் கரண்டி, பால்மா பக்கற்றில் வெட்டிய ஒரு சதுரம். நெருப்புப் பெட்டி எதற்கென்றால், அரத்தாள் இல்லாதபோது அதன் உரசும் பக்கத்தால் ரியூபைச் சுரண்டலாம். கரண்டிப் பிடி ரயரைக் கழற்ற; கூரான பிடியாக இருந்தால் அதுவே இன்னொரு ஓட்டையைப் போடும். பால்மா பக்கற், ரயர் கிழிந்தால் உள்ளே மடித்து வைக்க. அது இல்லாத அன்றைக்கு நாங்கள் ஒரு இருபது ரூபாய்த் தாளை நாலாக மடித்து வைத்தோம். வீடு வரை தாங்கியது. நோட்டுத்தான் பிறகு ஒரு கடையிலும் எடுபடவில்லை.

7. சொலூசன் பூசிய உடனே ஒட்டாதீர்கள். மினுக்கம் மங்கி, விரல் வைத்தால் இலேசாக ஒட்டிப் பிடிக்கும் பதம் வரும்வரை பொறுக்கவேண்டும். வெயிலில் சில நிமிடம். அவசரக்காரன் ஒட்டிய ஒட்டு ஆரையம்பதி தாண்டாது.

8. எங்கள் வீதியோரத்தின் சொந்த எதிரி நெருஞ்சி. மூத்திரக் கடுப்புக்கு அவித்துக் குடிக்க நல்லது, ரியூபுக்கு நல்லதில்லை. பஸ்ஸுக்கு இடம் விட்டு மணலில் இறங்கி ஏறினால், அடுத்த நிழலில் நின்று ரயரைக் கையால் தடவாமல் தேங்காய்ப் பொச்சால் சுற்றி வரத் தேய்த்துவிடுங்கள். முள் ஏறியிருந்தால் பிடுங்கமுன் பேனையால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பிடுங்கிவிட்டு ஓட்டையைத் தேடியதில் எங்களுக்கு ஒருமுறை அரைமணி நேரம் போயிற்று.

9. தண்ணீர். இந்த வெயிலில் ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்றாவது கணக்கு வையுங்கள். கச்சானில் இன்னும் கூடும். போத்தல் இரண்டு கட்டாயம். ஒன்றை முக்கால் பங்கு நிரப்பி இரவே ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பினால் உறையும்போது போத்தல் வெடிக்கும். காலையில் அதன்மேல் ஈரச்சாக்கைச் சுற்றி நூலால் கட்டுங்கள். இது மீன்காரரின் வித்தை. பெட்டிமேல் நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் துறையிலிருந்து படுவான்கரை உள்ளூர் வரை மீனைப் பழுதாக்காமல் கொண்டு போகிறார்கள். கச்சான் எவ்வளவு வறட்சியாக அடிக்கிறதோ, சாக்கு அவ்வளவு வேகமாகக் காய்ந்து, உள்ளே இருப்பது அவ்வளவு குளிரும். அந்தக் காற்றால் எங்களுக்குக் கிடைக்கும் ஒரே உபகாரம் இது.

10. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் மத்தியானத்தில் தலையிடிக்கும், கெண்டைக்கால் பிடிக்கும். ஜீவனி பக்கற் கிடைத்தால் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். பாதிப் பக்கற், பாதித் தண்ணீர் என்று கண்மட்டம் வேண்டாம். வீட்டிலேயே செய்வதென்றால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், தலை தட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. தேசிக்காய் பிழிவது வாய்க்கு. உப்பைக் கூட்டினால் நல்லது என்று ஒரு மாமி அள்ளிப் போட்டதைக் குடித்து ஒருவர் சத்தி எடுத்ததும் உண்டு. சலரோகம், பிறஷர் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

11. காலைச் சாப்பாடு பழஞ்சோறு. சொல்ல வெட்கப்படாதீர்கள். தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் உப்பும் போட்டு, நாலரை மணிக்கு ஒரு கோப்பை. வயிற்றில் இருப்பதே தெரியாது; ஆனால் களுவாஞ்சிகுடி வரை பசிக்காது. பழஞ்சோறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிட்டும் வாழைப்பழமும். கொத்துரொட்டி, பொரித்த இறைச்சி இதெல்லாம் முதல்நாள் இரவுக்கும் வேண்டாம்.

12. வாயில் போட்டுக்கொண்டு ஓட: கச்சான். காற்றுக்கும் கடலைக்கும் எங்கள் ஊரில் ஒரே பேர்தான். ஒன்று எடுக்கிறதை மற்றது தரும். பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வறுத்த கச்சான் இரண்டு வைத்து அமுக்கி, மேலே நாலு கல் உப்புத் தூவி, ஈரமில்லாத டப்பாவில் அடுக்குங்கள். இனிப்பும் உப்பும் கொழுப்பும் ஒரு வாயில் கிடைக்கும். காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடக்கும்போது முதலாவதைச் சாப்பிடுவது எங்கள் கூட்டத்து வழக்கம். எள்ளுருண்டையும் நல்லது. சொக்கலேட் கொண்டுவராதீர்கள், உருகி ஓடிவிடும்.

13. பசிக்கமுன் சாப்பிடவும், தாகிக்கமுன் குடிக்கவும் யாராவது நினைவுபடுத்தவேண்டும். கூட்டத்தில் ஆக இளையவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள். பெரியவர்களை அதட்ட அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் என்பதால் மறக்கமாட்டார்கள்.

14. உடுப்பு: டெனிம் காற்சட்டை வேண்டவே வேண்டாம். தடித்த தையல் துடையை அறுக்கும். வியர்வையில் ஊறினால் காயாது. மெல்லிய, பழகிப்போன, துவைத்துத் துவைத்து மிருதுவான உடுப்புத்தான் நல்லது. புது உடுப்பை இந்த நாளில் தொடங்காதீர்கள். துடையிடுக்கில் உரசும் இடங்களுக்குப் பவுடரைவிட வஸ்லினோ தேங்காயெண்ணெயோ உதவும். பவுடர் வியர்வையோடு கலந்து களியாகிவிடும். சல்வார் போடுகிற பெண் பிள்ளைகள் துப்பட்டாவை வீட்டில் விட்டுவிட்டு, வலது காலின் விளிம்பைப் பழைய சொக்ஸின் மேல்பட்டியால் கட்டிக்கொள்ளுங்கள். செயின் இருப்பது வலப்பக்கம்.

15. இடது கையை மூடுங்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வருடம்தான் நாங்களே கண்டுபிடித்தோம். காலையில் எழுவான்கரையால் தெற்கே போகும்போது கிழக்கு வெயில் இடப்பக்கம். பின்னேரம் படுவான்கரையால் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயில், அதுவும் இடப்பக்கம். நாள் முழுவதும் ஒரு கன்னம், ஒரு காது, ஒரு கை மட்டும் கருகும். முழுக்கைச் சேட்டு இல்லையென்றால் பழைய சேட்டின் இடது கையை மட்டும் வெட்டி, மேலே இலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வாவி என்னவோ நாள் முழுக்க வலப்பக்கம்தான் இருக்கும்.

16. ஹெல்மெட்டுக்குக் கீழே நனைத்த கைலேஞ்சி. ஒவ்வொரு தரிப்பிலும் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள்.

17. கூட்டமாக ஓடுவதில்தான் இந்த நாளின் சூட்சுமம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். வயிரம் பாய்ந்த தொடை உள்ளவர் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தால் மத்தியானத்தோடு அவரும் சரி, கூட்டமும் சரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் நின்றுவிட்டு, பின்னால் பார்த்து, வலப்பக்கமாக விலகி, மெதுவாகக் கடைசிக்கு இறங்கவேண்டும். ஆகப் பலம் குறைந்தவரை இரண்டாவது இடத்திலேயே வைத்திருங்கள். கடைசியில் விட்டால் ஒவ்வொரு தடவையும் அறுந்துபோவார். இரண்டு சில்லுக்கு இடையில் ஒரு சைக்கிள் நீளமாவது இருக்கட்டும். பழகியவர்கள் இன்னும் ஒட்டுவார்கள், நாங்கள் ஒட்டுவதில்லை. காற்று இடப்பக்கத்தால் வந்தால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றால்தான் மறைவு கிடைக்கும். அப்படித் தள்ளித் தள்ளி ஒரு வரிசையே வீதியின் நடுவுக்குப் போய்விடும் என்பதால் எழுவான்கரையால் போகும் ஏ4 பிரதான வீதியில் இதைச் செய்யவே கூடாது. படுவான்கரையின் ஆளில்லாத வயல்வீதியில், அதுவும் மூன்று பேருக்கு மேல் போகாமல் செய்யலாம். எங்களோடு வரும் பழைய மீன்காரர் ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "காத்தோட சண்டை பிடிக்காதகா, ஆரும் ஒருத்தர முன்னுக்கு விட்டுட்டுப் பின்னால வா" என்பார். லொறிகளுக்குப் பின்னால் ஓடிப் பழகியவர். லொறிக்குப் பின்னால் மட்டும் நீங்கள் ஓடாதீர்கள்.

18. முன்னால் போகிறவர் காண்பதைப் பின்னால் வருகிறவர் காணமாட்டார். "குழி", "மாடு", "மணல்" என்று ஒற்றைச் சொல்லாகக் கத்துங்கள். ஒவ்வொருவரும் அதைத் திருப்பிக் கத்தவேண்டும். கடைசியில் வருகிறவருக்கு ஒரு விசில். ஒரு ஊத்து என்றால் பின்னால் வாகனம், மூன்று என்றால் எல்லோரும் நில்லுங்கள்.

19. களுவாஞ்சிகுடியில் பட்டிருப்புப் பக்கம் திரும்புவது வலது திருப்பம். இந்த நாட்டில் இடப்பக்கம் ஓடுகிறோம், ஆகவே வீதியைக் குறுக்கே வெட்டவேண்டும். பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் நெருக்கும் சந்தி. இறங்கி, உருட்டிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாகக் கடந்துவிடுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

20. பாலங்களின்மேல் எண்ணாதீர்கள், பாலம் தாண்டி எண்ணுங்கள். நடுவில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும், தூண்டில்காரர் நிற்பார்கள், படம் எடுக்க ஆசை வரும். தாண்டியதும் ஓரமாக நின்று ஒன்று, இரண்டு என்று தலைக்கணக்கு எடுங்கள். மூன்று பாலம், மூன்று கணக்கு. யாரும் தொலையமாட்டார்கள்.

21. பாலமில்லாத இடத்தில் வாவியைக் கடக்க நினைக்கிறவர்களுக்குப் பாதை இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: எங்கள் ஊரில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டை மிதவை. மண்முனையில் 2014இல் ஜப்பான் உதவியோடு பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்காரருக்கு அதுதான் கதி. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு நாங்கள் பாதையில் போயிருக்கிறோம். இறங்கினால் முருகன் கோயில் கிட்ட. பாதையில் ஏறும்போது சைக்கிளுக்கு நங்கூரம் வேண்டும். பழைய ரியூபில் விரலகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, பிறேக் பிடியையும் ஹாண்டிலையும் சேர்த்து மாட்டிவிடுங்கள். சில்லு அசையாது. சுவரில் சாத்தி வைக்கவும், கரியரில் சாமான் கட்டும்போதும் இதே வளையம். என்னைக் கேட்டால் இந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஆகப் பயன்பட்டது இந்த ரியூப் வளையம்தான்.

22. அறுவடைக்காலத்தில் வீதியே களம். ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். தெரியாத்தனமாக அதன்மேல் ஏறினால் சில்லு வழுக்கும். வைக்கோல் கிடந்தால் செயினில் சுற்றும். தூரத்தில் கண்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, நெல்லில்லாத பக்கத்தால், பிறேக்கைத் திடீரென்று அழுத்தாமல் போங்கள். நெல்லுக்குக் காவல் இருக்கும் அம்மாமாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் தண்ணீர் கிடைக்கும், சில வேளை வெள்ளரிப்பழமும் கிடைக்கும். மாட்டு மந்தை குறுக்கே வந்தால் மாட்டின் முகத்துக்கு முன்னால் வெட்டாதீர்கள்; வால் பக்கத்தால் போங்கள். மாடு பின்னுக்கு நடக்காது.

23. மத்தியானத் தரிப்பு கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி பறங்கியர் முன்னால் எழுந்து புல்லுத் தின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது முடியும்வரை அவர்கள் கால் நீட்டி இருப்பார்கள். கட்டிவந்த சோறு தேங்காய்ப்பால் விடாததாக இருக்கட்டும். புளிச்சோறும் வறுத்த கருவாடும் வாழையிலையில் கட்டினால் பழுதாகாது. இலையை நெருப்பில் இலேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. சாப்பிட்டபின் பத்து நிமிடம் கால்களை மரத்தில் சாத்தி உயர்த்திப் படுங்கள். மொத்தத் தரிப்பு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், பிறகு எழும்ப மனம் வராது. தெரியாத குளத்திலோ வாவிக்கரையிலோ இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். கிட்டத்தில் ஒரு ஊரின் பேரே முதலைக்குடா.

24. தயிர்ச்சட்டி. படுவான்கரைக்குப் போய் எருமைத்தயிர் வாங்காமல் வருவது எப்படி? ஒருமுறை சட்டியைக் கரியரில் வைத்து நூலால் கட்டிக்கொண்டு வந்தேன். வவுணதீவுக்கு வரமுன், ஒரு குழியில், என் முதுகில் பாதி, வீதியில் பாதி. அதன்பிறகு படித்தது: வைக்கோலை முறுக்கிச் சும்மாடு சுற்றிக் கரியரில் வைத்து, சட்டியை அதற்குள் இருத்தி, மேலே இலையும் துணியும் கட்டி, ரியூப் வளையத்தால் நாலு பக்கமும் இழுத்து மாட்டவேண்டும். வைக்கோல் அதிர்வைத் தின்னும். குழியைக் கண்டால் சீற்றிலிருந்து எழும்பி நின்று ஓடுங்கள்.

25. எப்படியும் பின்னேரம் மூன்று மணிக்குள் கொக்கட்டிச்சோலையை விட்டுவிடுங்கள். பொழுது சாயச் சாய யானை இறங்கும். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கத்துச் சனங்கள் இதோடுதான் சீவிக்கிறார்கள். எந்த வீதியில் நேற்று வந்தது என்று தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், சொல்வார்கள். "இந்தப் பக்கம் வேணாம் மனே" என்று ஒரு பெரியவர் சொன்னால், போனில் உள்ள மப் என்ன சொன்னாலும், வந்த வழியே திரும்புங்கள்.

26. யாராவது வெயிலில் வியர்ப்பதை நிறுத்திவிட்டால், பேச்சுத் தடுமாறினால், நேராக நிற்க முடியாமல் போனால், அதைக் களைப்பு என்று எண்ணாதீர்கள். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ், காசு இல்லை. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பேர், வீட்டு நம்பர், குடிக்கும் மருந்து எழுதிய துண்டொன்று பொலித்தீனில் மடித்திருக்கட்டும்.

27. வீட்டுக்கு வந்ததும் முதலில் சைக்கிள், பிறகுதான் நீங்கள். கடற்காற்றும் வாவி உப்பும் ஒரே இரவில் செயினில் துருவைக் காட்டும். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சில்லு அச்சில் நேராகத் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், உள்ளே கிறீஸ் கழுவுப்பட்டுவிடும். கையில் ஒட்டிய கரிக்குத் தேங்காயெண்ணெயும் ஒரு கரண்டி சீனியும் தேய்த்துவிட்டுப் பிறகு சவர்க்காரம். செயினுக்குப் பூசவேண்டாம் என்ற அந்தத் தேங்காயெண்ணெய்க்கு இங்கேதான் வேலை. உடுப்பில் பட்ட கரிக்கும் அப்படியே, சீனியை மட்டும் விட்டுவிடுங்கள். வெயில் கருக்கிய தோலுக்குப் பச்சைத்தண்ணீர்த் துணியும் கற்றாழைச் சோறும். பற்பசை பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எரிச்சலைக் கூட்டும்.

28. வியர்வை உடுப்பை அன்றிரவே பச்சைத்தண்ணீரில் ஊறப்போடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். ஒட்டுப் பெட்டியில் தீர்ந்ததை அன்றிரவே நிரப்பி வையுங்கள். படுக்கப்போகுமுன் இரண்டு ரயரையும் பெருவிரலால் ஒருமுறை அமுக்கிவிட்டு, காலையில் திரும்ப அமுக்கிப் பாருங்கள். வீடு வரை தாங்கிய நெருஞ்சி ஒன்று பின் சில்லில் இருக்கும்.